துண்டு போட்ட ஃபைல்கள்

சென்னகேசவன் அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது, எல்லாரையும் போலச் சென்ட்டும் பாதாம் பருப்பும் வாங்கி வந்திருந்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்திருக்காது. அவர் ஒரு சாஃப்ட்வேர் வாங்கி வந்தார்.

அவருடைய அண்ணன்கள் இருவரும் குடும்பத்து நூல் மில்லைப் பார்த்துக்கொண்டார்கள். மில்லுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் கடைசித் தம்பிக்குக் கம்ப்யூட்டரை ஒதுக்கிவிட்டிருந்தார்கள். காந்திபுரத்தில், மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேல் மாடியில், ‘கேசவ் கம்ப்யூட்டர்ஸ்’ என்று போர்டு தொங்கியது. பம்ப்செட் கம்பெனிக்குப் பில், விசைத்தறிக்காரருக்கு நூல் கணக்கு, நகைக்கடைக்கு ஸ்டாக் என்று எது கேட்டாலும் எழுதித் தருவார்கள்.

அதுவரைக்கும் அங்கே வேலை நடந்த அழகைச் சொல்லியாக வேண்டும். புரோகிராம் எல்லாம் மூலையில் இருந்த சர்வரில் கிடக்கும். யாருக்கு எது வேண்டுமோ அதைத் திறந்து திருத்திக்கொள்வார்கள். ஒரே ஃபைலை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால் கடைசியாகச் சேமித்தவருடையது நிற்கும், முதல் ஆள் பாடுபட்டது காற்றோடு போகும். அப்படி ஆகாமலிருக்க, வேலை தொடங்குமுன் எழுந்து நின்று ஒரு குரல் கொடுப்பது வழக்கம்.

“ஏனுங்க, பில்லு ஃபைல்ல யாராச்சும் இருக்கறீங்களா?”

“நான் இருக்கறேனுங்க. நீங்க வேண்ணா பாருங்க, நான் அப்பறம் பாத்துக்கறேன்.”

“அட, நீங்க பாருங்க. எனக்கு அவசரமில்லீங்க.”

இப்படி மாற்றி மாற்றி விட்டுக்கொடுத்து, கடைசியில் இருவருமே ஃபைலுக்குள் போய் ஒருவர் எழுதியதை ஒருவர் அழித்துவைப்பார்கள். அழிந்து போனவர், அழித்தது யார் என்று ஒருநாளும் கேட்கமாட்டார். கேட்டால் மனசு சங்கடப்படும். பேசாமல் திரும்ப உட்கார்ந்து எழுதிவிடுவார். யார் மனசும் நோகாமல் மூன்று வருஷம் ஓடிய கம்பெனி அது. ஓடியது என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது.

புதிய சாஃப்ட்வேர் இதற்கெல்லாம் முடிவு கட்டும் என்றார் சென்னகேசவன். இனி ஒரு ஃபைலைத் தொட வேண்டுமானால் அதைத் தன் பேரில் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்த கணமே அதற்குப் பூட்டு விழுந்துவிடும். மற்றவர்கள் எட்டிப் பார்க்கலாம், கை வைக்க முடியாது. வேலை முடித்துத் திருப்பி வைத்தால் பூட்டு திறக்கும். யார், எப்போது, எதை மாற்றினார் என்று அதுவே குறித்து வைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் நூறு பேர் சேர்ந்து ஒரே புரோகிராமை எழுதுகிறார்களாம், ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிப்பதில்லையாம்.

நல்ல நாள் பார்த்துச் சர்வருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். எலுமிச்சம்பழத்தை வைக்கச் சக்கரம் தேடினார்கள். சக்கரம் இல்லாததால் கீபோர்டுக்கு முன்னால் வைத்தார்கள். எல்லாப் பூட்டையும் திறக்கிற பாஸ்வேர்டு ஒன்று உண்டு. முதலாளியைத் தவிர அதை வேறு யாரிடம் கொடுப்பது என்ற கேள்வியே எழவில்லை. கண்ணையாவிடம் கொடுத்தார்கள். கண்ணையாதான் அங்கே மூத்தவர். சென்னகேசவனின் அப்பா காலத்தில் மில் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்து, பிறகு கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவர். அதிர்ந்து பேசமாட்டார். அவரை ‘அண்ணா’ என்று கூப்பிடாதவர் அந்த மாடியில் முதலாளி ஒருவர்தான்.

மறுநாள் காலையில் எட்டு மணிக்கே கண்ணையா தன் டிவிஎஸ் ஐம்பதை மாடிப்படிக்குக் கீழே நிறுத்திவிட்டு மேலே வந்தார். சர்வரில் இருந்த எல்லா ஃபைல்களையும் ஒட்டுமொத்தமாகத் தன் பேரில் எடுத்துக்கொண்டார். பிறகு நிம்மதியாக ஒரு டீ குடித்தார்.

வெளியூர்க்காரருக்கு இது புரியாது. உக்கடத்தில் பஸ் உள்ளே நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து சீட்டுப் பிடிக்கிற ஊர் நம்முடையது. துண்டு விழுந்த சீட்டில், நிறைமாதக் கர்ப்பிணி நின்றாலும், வேறொருவர் உட்காரமாட்டார். ‘ஆள் வருதுங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கலெக்டரே நின்றுகொண்டுதான் வர வேண்டும். அந்த ஊரில் கொண்டுவந்து ஃபைலைப் பூட்டும் சாஃப்ட்வேரை வைத்தால், அமெரிக்காக்காரன் நினைத்தது நடக்குமா? வேண்டுமோ வேண்டாமோ, முதலில் துண்டைப் போட்டுவை. தேவைப்படும்போது வேறு எவனாவது உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது?

இரண்டே வாரத்தில் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். பத்மாவதி என்ற புரோகிராமர் ஏழரைக்கு வந்து பார்த்தாள். கண்ணையா ஏழுக்கு வந்தார். பத்மாவதிக்கு வீட்டில் பால் காய்ச்சும் வேலை இருந்ததால் போட்டியிலிருந்து விலகிக்கொண்டாள். அதற்குப் பிறகு யாருக்கு ஃபைல் வேண்டுமானாலும், கண்ணையாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்து, “அண்ணா, அந்த நூல் கணக்கு ஃபைலக் கொஞ்சம் உட்டீங்கன்னா...” என்று இழுக்க வேண்டியதாயிற்று. அவர் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. கேட்க வைப்பார், அவ்வளவுதான்.

இந்தப் பஸ்ஸில் தினமும் நின்றுகொண்டே வந்தவள் உம்மல் குல்சும்.

குல்சும் அங்கே டைப் அடிக்கச் சேர்ந்தவள். உக்கடத்தில் பழைய பேரிங் கடை வைத்திருந்த அப்துல் குத்தூஸின் மூத்த மகள். பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு, பம்ப்செட் கம்பெனியின் பழைய பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வந்து உட்கார்ந்தாள். ஏற்றிக்கொண்டே பக்கத்துத் திரைகளைப் பார்த்துப் பார்த்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். பல்லடத்திலிருந்து வேலுமணி என்ற குஞ்சுப்பண்ணைக்காரர் வந்து தன் முட்டைகளுக்கு ஒரு புரோகிராம் வேண்டும் என்று கேட்டபோது, மற்றவர்கள் எல்லாரும் தங்களுக்கு வேலை தலைக்கு மேல் இருப்பதாக மிகப் பணிவாகச் சொன்னார்கள். கோழி என்றால் யாருக்கு மதிப்பு? குல்சும் எடுத்துக்கொண்டாள். நாலு தடவை பண்ணைக்குப் போய், மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, நடப்பதையெல்லாம் நின்று பார்த்துவிட்டு வந்து, தானே உட்கார்ந்து எழுதினாள்.

விஷயம் சின்னதுதான். முட்டைகளைத் தட்டில் அடுக்கிச் செட்டர் என்ற பெரிய சூட்டு அலமாரிக்குள் வைப்பார்கள். அதற்குள் தட்டுகள் இப்படியும் அப்படியும் சாய்ந்துகொண்டே இருக்கும். பதினெட்டாம் நாள் அவற்றை எடுத்து, அசையாத இன்னொரு அலமாரிக்கு மாற்றிவிட வேண்டும். குஞ்சு அங்கேதான் ஓட்டை உடைத்துக்கொண்டு வரும். மாற்றாமல் விட்டால் ஆடுகிற தட்டிலேயே குஞ்சு பொரிந்து நசுங்கிப் போகும். இன்றைக்கு எந்தத் தட்டுகளை மாற்ற வேண்டும் என்று தினமும் காலையில் அச்சடித்துக் கொடுப்பதுதான் குல்சுமின் புரோகிராம். அது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

“இந்தக் கோழி மட்டும் நல்லபடியா ஓடிருச்சுன்னா, அடுத்த மாசத்துல இருந்து நீங்க புரோகிராமருங்க அம்மணி” என்று சென்னகேசவன் வாக்குக் கொடுத்திருந்தார். குல்சும் வீட்டில் இதைச் சொல்லியிருக்கவில்லை. அவளுடைய அத்தாவுக்கு அவள் ஏற்கெனவே கம்ப்யூட்டர் இன்ஜினியர்தான். பொய்யை உண்மையாக்கிவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள். அந்த ஒரு வார்த்தை அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும். வருகைப் பதிவேட்டில் தன் பேருக்கு எதிரே ‘டைப்பிஸ்ட்’ என்று இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு எரிச்சலாக வரும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வேலுமணி போன் செய்தார்.

“ஏனம்மணி, நல்லா இருக்கறீங்களா? அத்தா, அம்மா எல்லாம் சௌக்கியங்களா?”

“சௌக்கியங்க. சொல்லுங்க.”

“ஒண்ணுமில்லீங்க. வெள்ளிக்கெழம நீங்க குடுத்தனுப்புன புது பிளாப்பிய இன்னைக்குக் காலைலதான் போட்டமுங்க. இன்னைக்கு மாத்தறதுக்குத் தட்டே இல்லைங்குதுங்க உங்க பொட்டி. செட்டருக்குள்ள பாத்தா பதினெட்டு நாள் முட்ட ரொம்பிக் கெடக்குது.”

குல்சும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். “ஐயோ, உடனே மாத்தீருங்க. நான் சொல்றேன், லிஸ்ட்டப் பாக்காதீங்க.”

“அதெல்லாம் காலையிலயே மாத்திப்போட்டனுங்க. கம்ப்யூட்டர் வந்ததுக்கு முன்னாடியும் கோழி குஞ்சு பொரிச்சுக்கிட்டுத்தானுங்க இருந்துச்சு” என்றார் வேலுமணி, குரலில் தேன் ஒழுக. “நாளைக்குப் பல்லடம், உடுமலப் பக்கமிருந்து நம்ம பண்ணைக்காரங்க பத்துப் பேரு இதையப் பாக்கறதுக்கு வாராங்க. லிஸ்ட்டு செரியா வந்துச்சுன்னா பத்துப் பேரும் வாங்குவாங்க. வல்லீன்னா, பொட்டிய வேன்ல ஏத்தி அனுப்பி வெச்சர்றனுங்க, நீங்க சங்கடப்படக் கூடாது. போன்லயே சொல்றதுன்னா அப்பறம் கம்ப்யூட்டரு எதுக்குங்க?”

குல்சும் ஓடிப்போய்த் தன் ஃபைலைத் திறந்து பார்த்தாள். அவள் பதினெட்டு என்று எழுதியிருந்த இடத்தில் இருபத்தொன்று என்று இருந்தது. போன வியாழக்கிழமை மாற்றப்பட்டிருந்தது. மாற்றியவர் கண்ணையா. இப்போது பூட்டி வைத்திருப்பவரும் கண்ணையா. கண்ணையா எங்கே? கொழுந்தியாள் மகள் கல்யாணத்துக்காகப் பொள்ளாச்சியில் இருந்தார். லீவு போட்டுவிட்டுப் போகும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிற மாதிரி ஆபீசிலிருந்த ஃபைல் அத்தனையையும் பூட்டிவிட்டுப் போயிருந்தார்.

குல்சும் முதலாளியின் அறைக்குள் போய் விஷயத்தைச் சொன்னாள்.

“சார், அந்த ஃபைல வேற பேர்ல காப்பி எடுத்து, அதுல திருத்தி, பல்லடத்துக்குக் குடுத்துப்போடலாங்களா?”

சென்னகேசவன் முகம் வாடிவிட்டது. “பூட்டுக்குள்ள இருந்து வராத எதுவும் வெளிய போகக்கூடாதுன்னு நாமதானுங்க ரூல் போட்டோம். காப்பி எடுத்துக் குடுக்கறதுன்னா, அத்தாந்தூரத்துல இருந்து இதையச் சுமந்துக்கிட்டு வந்தது எதுக்குங்க?”

“அப்ப, நீங்க சொன்னீங்கன்னா பூட்ட எடுத்தர்லாங்க.”

“கண்ணையா போட்ட பூட்ட நான் ஒடைக்கறதா? எங்கப்பா காலத்து மனுசனுங்க அவரு. நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவருகிட்டப் பேசுவேன்?” என்றார் சென்னகேசவன். “போன் பண்ணிப் பாருங்க.”

கல்யாண மண்டபத்துக்குப் போன் செய்தார்கள். சமையல்காரர் ஒருவர் எடுத்தார். “கண்ணையாங்களா? பொண்ணு ஊட்டுல ரண்டு, மாப்ள ஊட்டுல ரண்டு இருக்கறாங்க. எந்தக் கண்ணையாங்க வேணும்?” என்று கேட்டார். அதற்குள் தவில்காரர் அடிக்கத் தொடங்கிவிட்டதால் மேற்கொண்டு பேச வழியில்லை. பூனைக்கு மணி கட்ட ஆள் வேண்டுமே, எல்லாரும் குல்சுமைப் பார்த்தார்கள்.

“ஒரு எட்டு நேர்ல போயி, பதனமாக் கேட்டுப்போட்டு வந்தர்றீங்களா அம்மணி?” என்றார் முதலாளி.

அன்றைக்கு நல்ல முகூர்த்தம். உக்கடத்தில் பாதி ஊர் பட்டுச்சேலையில் நின்றது. பொள்ளாச்சி பஸ் திரும்புவதற்குள் ஜன்னல்களில் துண்டும் மஞ்சப்பையும் பறந்தன. ஒரு புண்ணியவான் தன் செருப்பில் ஒன்றை எறிந்து சீட்டுப் பிடித்தார். குல்சும் எப்படியோ ஏறிவிட்டாள். ஏறிப் பார்த்தால், நடுவில் ஒரு சீட்டு காலியாக இருந்தது. அதன் மேல் நீலக்கரை போட்ட ஒரு துண்டு பரப்பிக் கிடந்தது.

பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாள். “ஆளு வருதுங்க” என்றார் அவர், துண்டுக்கு ஜாமீன் கொடுத்தவர் போல.

பஸ் கிளம்பியது. ஆள் வரவில்லை. கிணத்துக்கடவு வந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். துண்டைப் பார்த்தாள், தள்ளி நின்றுகொண்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு கிழவரும் துண்டைத்தான் பார்த்துக்கொண்டே வந்தார். குல்சுமுக்கு அந்தத் துண்டைப் பிடித்து ஜன்னல் வழியாக எறிய வேண்டும் போலிருந்தது. ஆனாலும் நின்றாள். ஒருவேளை ஆள் வந்துவிட்டால்? ஓடுகிற பஸ்ஸில் எங்கிருந்து வரும் என்று அந்தப் பஸ்ஸில் ஒருத்தர்கூட யோசிக்கவில்லை. இவளும் கணக்குப் படித்தவள்தான்.

பொள்ளாச்சியில் எல்லாரும் இறங்கும்போது கண்டக்டர் வந்து துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“இது உங்க துண்டுங்களா?” என்று கேட்டாள் குல்சும்.

“ஆமாங்க. காலைல தொவச்சது, காயறதுக்குப் போட்டிருந்தேன்.”

“நாங்கெல்லாம் நின்னுக்கிட்டே வந்தமுங்களே.”

“யாரும் கேக்கலீங்களே அம்மணி” என்றார் கண்டக்டர், உண்மையான வருத்தத்தோடு.

மண்டபத்தில் கண்ணையா பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார். குல்சுமைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. வேலை விஷயம் என்று அவள் வாயெடுக்கும் முன்னே இலையில் உட்கார வைத்துவிட்டார். “மொதல்ல சாப்புடுங்க கண்ணு, எதா இருந்தாலும் அப்பறம் பேசிக்கலாம்” என்று பக்கத்திலேயே நின்று, பாயசத்தை மறுபடியும் மறுபடியும் ஊற்றச் சொன்னார். பல்லடத்து முட்டைகளின் தலையெழுத்தைத் தொண்டையில் வைத்துக்கொண்டு குல்சும் பாயசம் குடித்தாள்.

கை கழுவிவிட்டு வந்ததும் கேட்டாள். “அண்ணா, கோழி ஃபைல்ல பதினெட்ட இருவத்தொண்ணுன்னு மாத்துனீங்களா?”

“ஆமா கண்ணு. கோழி இருவத்தொரு நாள்லதான குஞ்சு பொரிக்கும்? எங்க ஊட்டுலயே அட வெச்சுப் பாத்திருக்கறனே. நீங்க டவுன் புள்ள, தெரியாம பதினெட்டுன்னு போட்டுப்போட்டீங்கன்னு நானே திருத்தி வெச்சேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களேண்ணா.”

“சொன்னா உங்க மனசு சங்கடப்படுமில்லீங்களா? நாலு பேருக்கு முன்னால தப்புன்னு சொல்லக் கூடாதுன்னு உட்டுப்போட்டேன்” என்றார் கண்ணையா. அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் குல்சுமுக்குத் தாங்கவில்லை. திட்டவும் முடியாத அளவுக்கு நல்லவர்களோடு வேலை செய்வதைப் போல ஒரு தண்டனை கிடையாது.

செட்டரைப் பற்றி அவள் விளக்கிச் சொன்னாள். கண்ணையா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். “ஓ, அப்படி வேற ஒண்ணு இருக்குதுங்களா” என்றார். பிறகு அவளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், அக்கம்பக்கம் பார்த்து, மந்திர உபதேசம் செய்கிற மாதிரிக் காதோரம் தன் பாஸ்வேர்டைச் சொன்னார். அது அவருடைய டிவிஎஸ் ஐம்பதின் நம்பர். தினமும் மாடிப்படிக்குக் கீழே, எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டு நிற்கிற நம்பர். ஒருத்தரும் அதைப் போட்டுப் பார்த்ததில்லை. அண்ணன் பேரில் உள்ளே போவது மரியாதையில்லையே.

சாயங்காலம் ஆபீசுக்குத் திரும்பி, கண்ணையாவின் பேரில் உள்ளே போய், இருபத்தொன்றை அழித்துப் பதினெட்டு என்று அடித்தாள். ஒரு நிமிஷ வேலை. சரிபார்த்தாள், லிஸ்ட் ஒழுங்காக வந்தது. அவர் பூட்டியிருந்த மற்ற ஃபைல்களோடு சேர்த்துத் திருப்பி வைக்கும்போது, என்ன மாற்றினீர்கள் என்று சாஃப்ட்வேர் கேட்டது. ‘முன்பு இருந்ததே சரி. திரும்ப வைத்தது குல்சும்’ என்று ஆங்கிலத்தில் அடித்தாள். அந்தக் கட்டத்தை யாராவது படிப்பார்கள் என்று அவள் நம்பினாள். இருபத்தி மூன்று வயதில் அப்படியெல்லாம் நம்பத் தோன்றும்.

செவ்வாய்க்கிழமை காலையில் பிளாப்பியை எடுத்துக்கொண்டு பல்லடத்துக்குக் கிளம்பினார் சென்னகேசவன். குல்சுமும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“நீங்க எதுக்குங்க அம்மணி அந்த நாத்தத்துல அலையறீங்க? நேத்தே பொள்ளாச்சி வரைக்கும் போயி வந்திருக்கறீங்க. கண்ணையா வாராரு. பெரியவங்க பத்துப் பேரு வர்ற எடத்துல தல நரச்ச ஆளு ஒருத்தரு நின்னாத்தான் ஒரு இதுவா இருக்கும்.”

அக்கறையாகத்தான் சொன்னார். கல்யாண வீட்டுக் களைப்பு தீராத கண்ணையா, நெற்றியில் புது நாமத்தோடு காரில் ஏறி உட்கார்ந்தார். இருவரும் பல்லடத்தில் இறங்கிப் பிளாப்பியைப் போட்டார்கள். லிஸ்ட் சரியாக வந்தது. பத்துப் பண்ணைக்காரர்களும் அங்கேயே சரி என்று சொன்னார்கள்.

சாயங்காலம் ஆபீசில் மைசூர்பாகு வந்தது. சென்னகேசவன் நடுவில் நின்று பேசினார். “கல்யாண ஊட்டுல இருந்தும்கூட கண்ணையா நம்ம வேலைய உடல பாருங்க. இதா, சாஃப்ட்வேரே சொல்லுதுங்க” என்று ஒரு தாளைக் காட்டினார். யார் எதை மாற்றினார் என்று சாஃப்ட்வேர் குறித்துவைத்ததை அச்சடித்து வந்திருந்தார். கடைசி வரியில் கண்ணையா என்று தெளிவாக இருந்தது. குல்சும் அடித்துவைத்த விளக்கம் அந்தத் தாளில் இல்லை. அகலம் போதவில்லை என்று பிரிண்டர் அதை விட்டுவிட்டது. “இனிமேட்டுக் கோழி வேல பூராவும் கண்ணையா பாத்துக்குவாரு. பதினோரு பண்ணையாச்சு, சும்மாங்களா? குல்சும் அவருக்கு ஒத்தாசையா டைப் பண்ணிக் குடுக்கட்டும்.”

ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பார்கள். இங்கே பரிமாறினவர் முதலாளி. குல்சும் மைசூர்பாகை மேசை மேல் வைத்தாள். அவள் எழுந்து நின்றாள்.

“சார், அந்தப் பதினெட்டு நான் மொதல்லயே போட்டதுங்க. நேத்துத் திருத்துனதும் நான்தானுங்க.”

“நான் இல்லைங்கலீங்களே அம்மணி” என்றார் சென்னகேசவன் கனிவாக. “அவுரு சொல்லச் சொல்ல நீங்கதான டைப் அடிச்சீங்க. அதைய நான் மறப்பனா?”

“நான் என்னங்க பண்ணுனேன், எல்லாம் நம்ம புள்ளைங்கதான்” என்று கண்ணையா தலையைக் குனிந்துகொண்டார். எவ்வளவு அடக்கம் என்று எல்லாரும் நெகிழ்ந்து போனார்கள். திருத்த வேண்டிய தப்பைச் செய்ததே அவர்தான் என்று அதற்கு மேல் சொல்ல ஒரு வழி இருந்ததா? சொல்கிறவள் அல்லவா கெட்டவளாகியிருப்பாள். குல்சும் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று ராத்திரி அவள் அழவெல்லாம் இல்லை. நீலக்கரைத் துண்டை நினைத்து நினைத்து வயிறெரிந்தாள்.

புதன்கிழமை விடியற்காலையில் உக்கடத்திலிருந்து கிளம்பிய முதல் டவுன் பஸ்ஸில் குல்சும் ஏறினாள். வாட்ச்மேனிடம் சாவி வாங்கி மாடியைத் திறந்தாள். சர்வரை உயிர்ப்பித்து, தன் பேரில் உள்ளே போய், கோழிப் புரோகிராமின் ஃபைல்களைப் பார்த்தாள். கல்யாணக் களைப்பிலும் கார் பயணத்திலும் கண்ணையா முந்தின நாள் எதையும் பூட்டியிருக்கவில்லை. கோழி ஃபைல்கள் அத்தனையையும் தன் பேரில் எடுத்துக்கொண்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பில், நூல் கணக்கு, நகைக்கடை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தாள். நல்லவளாக இருந்து பார்த்தாயிற்று.

ஏழு மணிக்குக் கண்ணையா வந்தார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். மேலிருந்து கீழ்வரைக்கும் குல்சும், குல்சும், குல்சும் என்றே இருந்தது. எல்லாப் பூட்டையும் திறக்கிற பாஸ்வேர்டு அவரிடம் இருந்தது, படிக்குக் கீழே நம்பர் பிளேட்டிலும் இருந்தது. ஆனால் ஒரு பூட்டை அவர் உடைத்தால், நாளைக்கு அவருடைய பூட்டையும் உடைக்கலாம் என்று ஆகிவிடும். அத்தனை வருஷத்து மரியாதையையும் அவரே கையால் உடைத்த மாதிரி இருக்கும். அவர் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். டீ வந்தது. அதைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டம்ளரோடு எழுந்து வந்து குல்சுமின் மேசை மேல் வைத்தார்.

“குடிங்க கண்ணு. அத்தா சௌக்கியங்களா?”

“சௌக்கியங்கண்ணா.”

“அந்தக் கோழி ஃபைலு...” என்று இழுத்தார்.

“ஆளு வருதுங்கண்ணா” என்றாள் குல்சும், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கண்ணையாவுக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியாது. கேட்காமல் பெற்றுக்கொண்டே பழகியவர். நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பத்தரை மணிக்குப் போன் அடித்தது. வேலுமணி. பத்துப் பண்ணைக்காரர்களுக்கும் ஆளுக்கொரு அளவில் தட்டு இருக்கிறதாம், லிஸ்ட்டில் அதற்கு இடம் வேண்டுமாம், இன்றைக்கே வேண்டுமாம். சென்னகேசவன் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“கோழி ஃபைலு யாருகிட்டங்க இருக்குது?”

கண்ணையா தரையைப் பார்த்தார். பத்மாவதி தன் திரையைப் பார்த்துச் சொன்னாள். “குல்சும்னு போட்டிருக்குதுங்க சார். கோழி மட்டுமில்லீங்க, எல்லாமே.”

சென்னகேசவன் குல்சுமைப் பார்த்தார், கண்ணையாவைப் பார்த்தார், மறுபடி குல்சுமைப் பார்த்தார். பூட்டை உடைக்கச் சொல்லலாம். இரண்டு நாளுக்கு முன் முடியாது என்றவர் அவர்தான். பதினோரு பண்ணையின் வேலை டைப்பிஸ்ட்டிடம் இருக்கிறது என்று வாடிக்கைக்காரரிடம் சொல்லவும் முடியாது. அவர் கையை எடுத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

“ஒரு நிமிசம் இருங்க. எங்க புரோகிராமர் குல்சும்கிட்டக் குடுக்கறேன், நீங்களே பேசிக்குங்க.”

அந்த வார்த்தை ஹால் முழுக்கக் கேட்டது. குல்சுமுக்கும் கேட்டது. ஆறிப்போன டீயை எடுத்து ஒரு மடக்கு குடித்தாள். பிறகு எழுந்தாள். இரண்டு அடி வைத்தவள் நின்று, திரும்பி வந்து, தன் சாப்பாட்டுப் பையை எடுத்து நாற்காலியின் மேல் வைத்துவிட்டுப் போன் பேசப் போனாள்.